படம் வந்தது, தேதி வரவில்லை: பிக்கப்பை இப்போதே எடுப்பதா, புது மாடலுக்குக் காத்திருப்பதா?

நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு மைத்துனர் போன் செய்தார். பழனி மலையில் உள்ள தாண்டிக்குடிக்கு மேலே அவருக்கு 18 ஏக்கர் காப்பித் தோட்டம். பழம் எடுப்பு தொடங்கிவிட்ட நேரம். அந்த நாட்களில் அவர் போனில் பேசுவதே அபூர்வம். "மச்சான், தாய்லாந்தில் டொயோட்டாவின் புது ஹைலக்ஸ் பிக்கப்பை இறக்கிவிட்டார்கள். படம் பார்த்தீர்களா? இந்த மாதம் வண்டி எடுத்துவிடலாம் என்று இருந்தேன். இப்போது எடுத்தால் அடுத்த வருடமே பழைய மாடல் ஆகிவிடுமே" என்றார்.

"பழைய மாடல் ஆனால் என்ன ஆகும், மாப்பிள்ளை?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "விற்கும்போது விலை போகாது. அதோடு, இவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் புதிது ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்" என்றார்.

இரண்டுமே நியாயமான கவலைகள். இரண்டாவதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. பத்து வருடம் தினமும் ஏறி உட்காரப் போகிற வண்டியைப் பற்றி மனத்தில் ஒரு குறை இருந்தால் அது ஒவ்வொரு நாளும் உறுத்தும். அதனால் அவருக்காக உட்கார்ந்து இரண்டு வாரம் கணக்குப் போட்டேன். நிலக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பூ ஏற்றும் தொழிலில் பதினைந்து வருடமாக நான் பிக்கப்புகளோடுதான் வாழ்கிறேன். இதே கேள்வியோடு நிற்கும் மற்றவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அவருடைய நிலைமை. தொண்ணூறுகளில் வந்த ஒரு ஜீப், பன்னிரண்டு வயதான ஒரு கார். இரண்டையும் விற்றுவிட்டு, ஐந்து பேர் உட்காரக்கூடிய, நான்கு சக்கரமும் இழுக்கிற, பின்னால் தொட்டி உள்ள ஒரே வண்டியாக எடுக்க வேண்டும் என்பது திட்டம். காலையில் மூட்டை இறக்கவும் மாலையில் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் அதே வண்டி. இந்தத் தேவைக்கு இந்தியச் சந்தையில் வண்டிகள் நிறைய இல்லை. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்ற இரண்டுதான் கார் போன்ற வசதியோடு வருபவை. அதற்குக் கீழே, வேலைக்காரனாகவே பிறந்த மகிந்திரா பொலீரோ கேம்பர், டாடா யோதா ஆகியவற்றின் இரட்டைக் கேபின் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) வண்டிகள்.

காத்திருப்பது என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு காரியங்களை ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. தேதி அறிவிக்கப்பட்ட மாற்றத்துக்குக் காத்திருப்பது ஒன்று. படம் மட்டுமே வெளியான மாற்றத்துக்குக் காத்திருப்பது இன்னொன்று. முன்னது கணக்கு, பின்னது நம்பிக்கை. பிக்கப் விஷயத்தில் இந்தியாவில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு டி-மேக்ஸைவிட நல்ல சான்று கிடையாது.

டி-மேக்ஸ் வி-கிராஸ் இங்கே 2016இல் வந்தது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் அதே ஆண்டு தொடங்கிய தொழிற்சாலையில் தயாராகிறது. அறிமுகத்தின்போது ஷோரூம் விலை 12.49 லட்சம். மூன்று வருடம் கழித்து, 2019 அக்டோபரில், தாய்லாந்தில் முற்றிலும் புதிய தலைமுறை டி-மேக்ஸ் வெளியானது. சட்டகம் புதிது, கேபின் புதிது. 2020இல் ஆஸ்திரேலியாவின் விபத்துச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "எப்படியும் ஒரு வருடத்தில் இங்கே வந்துவிடும், இரண்டு வருடத்தில் நிச்சயம்" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். தொழிற்சாலையே இங்கே இருக்கிறது, வராமல் எங்கே போகும் என்பது அவர்கள் வாதம். கேட்டால் சரியாகத்தான் இருக்கும்.

இதை எழுதுவது 2025 டிசம்பரில். இந்திய ஷோரூமில் நிற்பது இன்னும் முந்தைய தலைமுறை வண்டிதான். இடையில் முகப்பை மாற்றினார்கள், 1.9 லிட்டர் என்ஜின் வந்தது, 2024இல் பாதுகாப்பு அம்சங்களைக் கூட்டினார்கள். தலைமுறை மட்டும் மாறவில்லை. 2021 மே மாதம் பி.எஸ்.6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்தபோது நான்கு சக்கர இழுவையும் மேனுவல் கியரும் உள்ள வி-கிராஸின் ஷோரூம் விலை 20.98 லட்சம் ஆகியிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு 2019இல் வாங்காமல் விட்டவர், பிறகு பொறுமையிழந்து வாங்கியபோது அதே தலைமுறை வண்டியைத்தான் கூடுதல் விலைக்கு வாங்கியிருப்பார்.

இதில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. தாய்லாந்தில் புதிய உடலுக்குள் ஐந்து வருடம் ஓடியதும் இங்கே நாம் ஓட்டுகிற அதே 1.9 லிட்டர் குடும்பத்து என்ஜின்தான். அதற்குப் பதிலாக 2.2 லிட்டர் வந்தது 2024 கடைசியில். அதாவது தலைமுறை மாறினால் எல்லாமே மாறும் என்பதும் நாமாகக் கற்பனை செய்துகொள்வது.

ஹைலக்ஸுக்கு வருகிறேன். மைத்துனரின் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். இப்போது இங்கே விற்கும் ஹைலக்ஸ் 2015இல் உலகச் சந்தைக்கு வந்த எட்டாம் தலைமுறை. இந்தியாவுக்கு வந்ததோ 2022இல். உலகத்துக்கும் நமக்கும் நடுவில் ஏழு வருடம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக் கியரில் 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஃபார்ச்சூனரில் இருக்கும் அதே என்ஜின். 2025 நவம்பரில் தாய்லாந்தில் காட்டப்பட்ட ஒன்பதாம் தலைமுறையில் முகமும் உள்கூடும் மாறியிருக்கின்றன, ஸ்டியரிங் மின்சார உதவிக்கு மாறியிருக்கிறது, பேட்டரியில் மட்டும் ஓடும் வகை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆனால் டீசல் வண்டியின் அடிப்படைச் சட்டகமும் அந்த 2.8 லிட்டர் என்ஜினும் பழையவற்றின் தொடர்ச்சி. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான். மலையில் மூட்டை இறக்குபவருக்கு எது முக்கியமோ அது பெரிதாக மாறவில்லை. ஸ்டியரிங் மட்டும் கொண்டை ஊசி வளைவுகளில் கைக்கு இதமாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஹைலக்ஸின் இந்திய வரலாற்றில் காத்திருந்தவர் ஜெயித்த கதையும் இருக்கிறது. 2022 மார்ச்சில் விலை அறிவித்தபோது ஆரம்ப விலை 33.99 லட்சம். முன்பதிவையே பல மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். 2023 மார்ச்சில் அடிப்படை வகையின் விலையை 30.40 லட்சமாகக் குறைத்தார்கள். அதே சமயம் உயர்வகையின் விலையைக் கூட்டினார்கள். அடிப்படை வகைக்காக ஒரு வருடம் பொறுத்தவருக்கு மூன்றரை லட்சம் மிச்சம், உயர்வகைக்காகப் பொறுத்தவருக்கு நஷ்டம். இதை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அதிர்ஷ்டத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மகிந்திராவும் ஒரு படம் காட்டியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 அன்று கேப்டவுனில், ஸ்கார்பியோ-என் அடிப்படையிலான பிக்கப்பின் மாதிரி. அழகான வண்டி. நம் நாட்டு நிறுவனம் என்பதால் உதிரிபாகம் மூலைக்கு மூலை கிடைக்கும் என்று எனக்கே ஆசைதான். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. மாதிரி மாதிரியாகவே இருக்கிறது.

தேதி உள்ள மாற்றம் என்று சொன்னேனே, அதற்கு 2025 செப்டம்பரைவிட நல்ல உதாரணம் வேண்டாம். ஜி.எஸ்.டி. கவுன்சில் செப்டம்பர் 3 அன்று கூடி, சரக்கு வண்டிகளுக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. செப்டம்பர் 22 முதல் அமல். வரிக்கு முன் 8 லட்சம் விலையுள்ள ஒரு சாதாரணப் பிக்கப் 10.24 லட்சத்திலிருந்து 9.44 லட்சத்துக்கு இறங்கியது. 19 நாள் பொறுத்ததற்கு 80,000 ரூபாய். எந்தத் தொழிலில் இப்படிக் கூலி கிடைக்கும்? அந்த மூன்று வாரத்தில் என்னிடம் கேட்ட எல்லோரிடமும் "பேசாமல் இருங்கள்" என்றுதான் சொன்னேன். பெரிய பயணிகள் வண்டிகளுக்குச் செஸ் என்ற கூடுதல் வரி நீங்கி 40 சதவீதம் என்ற ஒரே விகிதம் வந்தது. இரட்டைக் கேபின் வண்டி வாங்குபவர்கள் விலைப்பட்டியலில் எந்த விகிதத்தில் வரி போட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும். எந்த வகையில் பதிவாகிறது என்பதையும் முதலிலேயே கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட தனிப்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். ஷோரூம் விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கடனுக்குப் போகிறவர் இங்கேதான் தடுமாறுகிறார்.

தேதி இருந்தாலும் மறுபக்கத்தை யோசிக்காமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டு அறிந்தேன். 2020 ஏப்ரல் 1 முதல், பழைய புகைத் தரமான பி.எஸ்.4 வண்டிகளை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. 2020 பிப்ரவரியில் ஒரு ஷோரூமில் இருப்பில் நின்ற பி.எஸ்.4 பிக்கப்புக்கு நல்ல தள்ளுபடி கொடுத்தார்கள். புது என்ஜின் வரப் போகிறது, பழையதை ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று திரும்பி வந்துவிட்டேன். மார்ச் கடைசியில் ஊரடங்கு. பிறகு கடைகள் திறந்தபோது வண்டி இல்லை. வந்தபோது விலை ஏறியிருந்தது. மல்லிகைக்கு விலை திரும்பிய மாதங்களில் வாடகை வண்டியில் பூ அனுப்பினேன். புது மாடலில் எனக்குக் கிடைத்த நன்மை என்ன என்று எட்டு மாதம் கழித்து யோசித்துப் பார்த்தேன். என் தொழிலுக்கு எதுவும் இல்லை. பழையதே போதுமாக இருந்தது. நல்ல விலையில் கையில் வந்ததை விட்டேன். அன்றிலிருந்து, மாற்றம் எப்போது வருகிறது என்பதோடு அது யாருக்கு வருகிறது என்றும் கேட்கப் பழகிக்கொண்டேன்.

தலைமுறை மாற்றத்தின் முதல் வண்டிகளை வாங்குவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் டொயோட்டா டன்ட்ரா பிக்கப் 2022இல் புதிதாக வந்தபோது, பல வருடம் ஓடித் தேய்ந்து பழகிய 5.7 லிட்டர் வி8 என்ஜினை எடுத்துவிட்டு இரட்டை டர்போ வி6 வைத்தார்கள். 2024இல், அந்த முதல் இரண்டு ஆண்டு வண்டிகளில் ஏறக்குறைய ஒரு லட்சத்தைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. தயாரிப்பின்போது என்ஜினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்கள் காரணம். உறுதிக்குப் பெயர்போன நிறுவனத்துக்கே இந்த நிலை. பழைய தலைமுறையின் கடைசி வருட வண்டியை எடுத்தவர் அந்தத் தலைவலி இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசி வருடத் தயாரிப்பு என்பது பத்து வருடமாகக் கண்டுபிடித்த குறைகளையெல்லாம் தீர்த்த தயாரிப்பு. மலைமேல் இருக்கிறவருக்கு இது பெரிய விஷயம். வண்டி நின்றால் வத்தலகுண்டுக்கு இறக்க வேண்டும், அங்கும் தீராவிட்டால் மதுரைக்கு.

புது மாடலுக்காக நான் ஒத்துக்கொள்ளும் ஒரே வலுவான வாதம் பாதுகாப்பு. தலைமுறை மாறும்போது உடற்கூட்டின் உறுதி கூடுகிறது. விபத்தில் உள்ளே இருப்பவர் பிழைப்பதும் பிழைக்காததும் அதைப் பொறுத்தது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர் அதற்காகக் காத்திருக்கிறேன் என்றால் தலைவணங்குவேன். ஆனால் அவர் அதுவரை எதில் போகிறார் என்பதையும் கேட்பேன். மைத்துனரின் பன்னிரண்டு வயதுக் காரில் ஒரே ஒரு ஏர்பேக் கூடக் கிடையாது. இன்றைய ஹைலக்ஸில் ஏழு ஏர்பேக். வி-கிராஸின் உயர்வகையில் வண்டி சறுக்காமல் பிடிக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. புது மாடலின் பாதுகாப்புக்காகப் பழைய காரிலேயே இன்னும் மூன்று மழைக்காலம் குடும்பத்தை ஏற்றிப் போவது எப்படிப் பாதுகாப்பாகும்?

நவம்பர் கடைசி ஞாயிறு நானே மலைக்குப் போனேன். பையில் ஒரு அளவு நாடா. முதல் நாள் மழை பெய்து, செம்மண் தடம் நெய் பூசியது போல் இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை நல்ல அகலம், பிரச்சினை இல்லை. வீட்டிலிருந்து மேல்தோட்டத்துக்குப் போகும் தடத்தில்தான் இரண்டு கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது வளைவின் உள்பக்கம் ஒரு பாறை, வெளிப்பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம், அதைத் தாண்டினால் பள்ளம். நானும் மைத்துனரும் நாடாவைப் பிடித்தோம். வி-கிராஸும் சரி, ஹைலக்ஸும் சரி, 5.3 மீட்டர் நீளம். திரும்புவதற்கு ஆறு மீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும். நான்கு கம்புகளை வண்டியின் நீள அகலத்துக்குச் சட்டம் போலக் கயிற்றால் கட்டி, இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு வளைவில் நடந்து பார்த்தோம். எடுப்புக்கு வந்திருந்த அம்மாக்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கயிற்றின் முன்மூலை மரத்தில் இடித்தது. ஒரு முறை பின்னால் எடுத்துத் திருப்பினால் போகலாம். ஆனால் சுமையோடு இறங்கும்போது, ஈர மண்ணில், பள்ளத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பதை நான் என் டிரைவரிடம் சொல்ல மாட்டேன்.

மைத்துனர் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். "புதுசு வந்தாலும் இதே நீளம்தானே, மச்சான்" என்றார்.

அதுதான் விஷயம். எந்தத் தலைமுறை வந்தாலும் அந்தப் பாறை அங்கேயேதான் இருக்கும். இப்போதா பிறகா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம், இந்த வகை வண்டி அந்தத் தடத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி கேட்கப்படாமலே இருந்தது.

பொலீரோ கேம்பர் ஏறக்குறைய அரை மீட்டர் குட்டை, அகலமும் குறைவு. 4.9 மீட்டருக்குக் கயிற்றை மாற்றிக் கட்டிப் பார்த்தோம். ஒரே திருப்பில் வந்தது. 2.5 லிட்டர் என்ஜின், 75 குதிரைத்திறன்தான். வேகம் போகாது, ஆனால் முதல் கியரில் மெதுவாக ஏறும் வேலைக்கு அது போதும். நான்கு சக்கர இழுவையிலும் கிடைக்கிறது. சரக்கு வண்டி என்பதால் எடைக்கு அனுமதியும் அதிகம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: தனிப்பட்ட உபயோகத்துக்கான இரட்டைக் கேபின் வண்டிகளில் அனுமதிக்கப்பட்ட சுமை, பார்வைக்குத் தெரியும் உடம்போடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பெரிய வண்டி, ஒரு டன் ஏற்றலாம் என்று நினைத்து வாங்கிவிட்டு, ஆர்.சி.யில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதிர்ந்தவர்களை நான் அறிவேன். இன்சூரன்ஸ்காரர் விபத்துக்குப் பிறகு பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

கேம்பரை எடுத்தால் அம்மாவின் மதுரைப் பயணம் கஷ்டம். முதுகுவலிக்காரரை அந்தப் பின்சீட்டில் இரண்டரை மணி நேரம் உட்கார வைக்க மனம் வராது. யோதாவுக்கும் இதே பேச்சுதான். சுமைக்கு நல்லது, குடும்பத்துக்குச் சுமாருக்கும் கீழே. ஆக, ஒரே வண்டியில் இரண்டு வேலை என்ற திட்டமே அன்றைக்கு அந்த வளைவில் உடைந்தது. பழைய ஜீப்பை விற்கக் கூடாது என்பது முதல் முடிவாக வந்தது. மேல்தோட்டத்துக்கு அதுதான். கிளட்சும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கும் மாற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். அதற்கு ஆகும் செலவு புது வண்டியின் ஒரு மாதத் தவணையைச் சுற்றித்தான் வரும் என்று மெக்கானிக் சொன்னார்.

ஜீப் நிற்கிறது என்றதும் காத்திருப்பதன் செலவே மாறிவிட்டதைக் கவனியுங்கள். கையில் ஓடும் வண்டி இல்லாதவர் காத்திருந்தால் மாதாமாதம் வாடகை போகிறது. உதாரணத்துக்கு ஒரு நடைக்கு 1,500 ரூபாய், வாரத்துக்கு நான்கு நடை, எடுப்புக் காலம் மூன்று மாதம் என்றால் எழுபதாயிரத்தைத் தாண்டும். மூன்று வருடம் காத்திருந்தால் இரண்டு லட்சத்துக்கு மேல். புது மாடலின் விலையும் அதற்குள் ஏறியிருக்கும். ஓடுகிற வண்டி கையில் இருப்பவருக்கு இந்தச் செலவு இல்லை. அவர் நிதானமாக யோசிக்கலாம். மைத்துனருக்கு இப்போது அவசரம் காரைப் பொறுத்தவரை மட்டுமே.

விற்கும்போது விலை போகாது என்ற பயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பைக் குறைக்கும் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் தாண்டினால் 15 சதவீதம், ஒரு வருடம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30, பிறகு 40, நான்கு வருடம் தாண்டினால் 50. அந்த அட்டவணையில் புது மாடல் வந்ததா இல்லையா என்று ஒரு கட்டம் கிடையாது. முதல் ஐந்து வருடத்தில் பாதி எப்படியும் போகிறது. சந்தையில் புது மாடல் வருகையால் கூடுதலாக ஓர் அடி விழும் என்பது உண்மை. அது நான்கைந்து வருடத்தில் விற்பவருக்கு வலிக்கும். பன்னிரண்டு வருடம் ஓட்டுகிறவருக்கு, கடைசியில் வண்டி என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் விலை. மைத்துனர் எந்த வண்டியையும் பத்து வருடத்துக்குள் விற்றதில்லை. அவருடைய ஜீப்பே சாட்சி.

இது டிசம்பர் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. வருடக் கடைசியில் ஷோரூம்கள் இருப்பைத் தள்ள விலை குறைக்கும். ஆனால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் ஏறிவிடும். ஜனவரியில் பதிவு செய்தாலும் 2025 தயாரிப்பு 2025தான். சீக்கிரம் விற்பவர் ஒரு மாதம் பொறுத்து 2026 தயாரிப்பை எடுக்கட்டும். நீண்ட நாள் வைத்திருப்பவர் தள்ளுபடியை வாங்கிக்கொள்ளட்டும். எப்படியிருந்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் சேசிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தொழில் கணக்கில் வண்டியைக் காட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட வண்டிக்கு அந்த ஆண்டு தேய்மானக் கழிவு பாதிதான். வருமான வரிக்காகவே வாங்குகிறேன் என்பவர் அக்டோபருக்கு முன் வாங்கியிருக்க வேண்டும். இப்போது ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இவ்வளவையும் மைத்துனருக்கு எழுதி அனுப்பினேன். என் கருத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். உங்களுக்குப் புது ஹைலக்ஸ் வேண்டாம். அது எப்போது வரும், என்ன விலையில் வரும் என்று எந்தத் தாளிலும் இல்லை. இப்போதைய ஹைலக்ஸ் உறுதியான வண்டி, ஆனால் அந்த 204 குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் பல லட்சம் உங்கள் மலையில் பயன்படாது. ஜீப்பை வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மதுரைக்கும் வி-கிராஸின் நான்கு சக்கர இழுவை வகையை இப்போதே எடுங்கள். நெடுஞ்சாலையில் தினமும் ஓடுகிறவரும், இப்போதைய கார் நன்றாக ஓடுகிறவரும் கேட்டிருந்தால் ஒரு வருடம் பார்க்கச் சொல்லியிருப்பேன். மழையில் பிரேக்குக்கு யோசிக்க வேண்டிய காரை வைத்திருக்கும் உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் மதுரையில் ஒரு ஷோரூமிலிருந்து பேசினார். அம்மாவைக் கையோடு அழைத்துப்போய்ப் பின்சீட்டில் உட்கார வைத்திருக்கிறார். படி உயரம், பக்கவாட்டில் கூடுதல் படி ஒன்று போட்டுத் தர வேண்டும் என்று அம்மா சொன்னாராம். தயாரிப்பு மாதம் அக்டோபர் என்று எழுதிக் கொடுத்த தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தள்ளுபடித் தொகையும் அதிலேயே இருந்தது.

வண்டி இன்னும் கைக்கு வரவில்லை. ஜீப் நேற்று மேல்தோட்டத்திலிருந்து பன்னிரண்டு மூட்டை இறக்கியது.